அவர் நிலம், எங்க ஒடம்பு

இந்தியாவில் பூச்சிமருந்துக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 1968-இல் போட்டது. மருந்தை யார் தயாரிக்கலாம், யார் விற்கலாம், டப்பாவில் என்ன எழுத வேண்டும், யாருக்கு லைசென்ஸ், இன்ஸ்பெக்டருக்கு என்ன அதிகாரம், தப்புப் பண்ணினால் என்ன தண்டனை என்று எல்லாம் விலாவாரியாக இருக்கும். கடைசிப் பக்கங்களுக்கு வந்தால் 38-ஆம் பிரிவு. விலக்கு என்று அதற்குத் தலைப்பு. அதை நம்ம தமிழில் சொன்னால் இதுதான்: ஒருத்தர் தன் சொந்த வீட்டு உபயோகத்துக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தன் சாகுபடியில் இருக்கிற நிலத்துக்கோ பூச்சிமருந்தைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டுக்கு இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது.

மேலோட்டமாகப் படித்தால் நியாயமாகத்தான் படும். வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிறவன் பின்னால் சர்க்கார் போய் நிற்க முடியுமா? கொல்லையில் நாலு கத்தரிச்செடி வைத்திருக்கிற பொம்பளை லைசென்ஸ் வாங்கணுமா? அரை ஏக்கர் வைத்திருக்கிற ஏழைச் சம்சாரியை இன்ஸ்பெக்டர் வந்து மிரட்டக் கூடாது இல்லையா? எல்லாம் சரிதான். நான் இதைப் படித்தது 1998-இல். டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கட்சிக்காரர் வராத ஒரு மத்தியானம் அலமாரியில் இருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருந்தபோது கண்ணில் பட்டது. 'தன்' என்கிற அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தன் வீடு, தன் தோட்டம், தன் சாகுபடி. எங்க சேரியில் மருந்தடித்த யாருக்கும் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

எங்க ஊர் பழைய தென்னார்க்காடு மாவட்டம். ஊர்த்தெருவில் நிலம் இருந்தது. சேரியில் ஆள் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1892-இல், எங்களைப் போன்ற சனங்களுக்குக் கொடுக்க என்று ஒதுக்க ஆரம்பித்த பஞ்சமி நிலம் எங்க ஊரிலும் உண்டு என்று தாத்தா சொல்லுவார். அது எந்தத் திக்கில் இருக்கிறது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று அவரும் கையை நீட்டிக் காட்டுவார். அதில் கம்பும் கரும்பும் விளைந்தன. நாங்கள் அதில் கூலிக்குப் போனோம். ஆகவே சட்டம் 'தன் நிலம்' என்று பேச ஆரம்பித்த உடனேயே எங்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறது.

மருந்தடிக்கிற வேலை எப்போதும் சேரி ஆளுக்குத்தான். ஏர் ஓட்டக் குடியானவர்களும் வருவார்கள், அறுப்புக்கு எல்லாத் தெரு ஆளும் இறங்கும். மருந்தென்றால் மட்டும் சாயங்காலமே தெருமுனையில் வந்து நின்று சத்தம் கொடுப்பார்கள். "டேய், காலையில மிசின் எடுக்கணும், வந்துடு." கூப்பிடுகிறது பத்தாவது படிக்கிற பையனாக இருக்கும். எங்க அப்பாவுக்கு அப்போது நாற்பது வயசு. "வந்துடறேன் சின்னாண்டே" என்று அப்பா துண்டை இடுப்புக்கு இறக்குவார். சாதாரணக் கூலியோடு டேங்க்குக்கு ஐம்பது காசு மேலே கிடைக்கும். அந்த ஐம்பது காசுக்காகத்தான் அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். வேறு ஒரு காரணமும் இல்லை.

மருந்தடிக்கிறதை வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தோளில் ஒரு டப்பாவும் கையில் ஒரு குழாயும்தான். கிட்டத்தில் இருந்து பார்க்கணும். டப்பாவில் இருக்கிற மருந்தை வாளித் தண்ணியில் ஊற்றிக் கையை விட்டுக் கலக்குவார்கள். குச்சி பக்கத்தில் கிடந்தால் குச்சி, இல்லையென்றால் கை. மூடி சரியாகப் பொருந்தாத மிசின் முதுகில் ஒழுகும். குனியும்போதெல்லாம் ஒழுகும். சட்டை போட்டால் சட்டை வீணாகும் என்று வெற்று முதுகோடுதான் போவார்கள். ஒரே ஒரு சட்டை வைத்திருக்கிறவன் அதை மருந்துக்கு எதுக்குக் கொடுப்பான்? மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. பருத்தி மார்பளவு வளர்ந்திருக்கும். அடித்துக்கொண்டே நடக்க, அடித்த ஈர இலையெல்லாம் வயிற்றிலும் தொடையிலும் உரசும். காற்று திரும்பினால் எல்லாம் முகத்துக்கு. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள். ஆண்டை வரப்பில் நின்று குடை பிடித்துக்கொண்டு "சீக்கிரம் ஊதுடா, வெயில் ஏறுது" என்பார்.

1971-இல் வந்த விதிகளில் 39-ஆவது விதி மருந்தைக் கையாளுகிறவர்களுக்கான உடுப்பைப் பற்றிப் பேசுகிறது. தயாரிக்கிறவர், ஏற்றி இறக்குகிறவர், தெளிக்கிறவர் எல்லோருக்கும் தக்க பாதுகாப்பு உடுப்பு வேண்டும். முழு உடுப்பு என்றால் என்ன என்று பட்டியலும் இருக்கிறது. மேலுடுப்பு, தலைக்கு மூடாக்கோ தொப்பியோ, முழங்கைக்குப் பாதி தூரம் வருகிற ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ். உடுப்பு மருந்தை உள்ளே விடாத துணியாக இருக்கணும், ஒவ்வொரு தடவையும் துவைக்கக் கூடியதாக இருக்கணும். இன்னொரு விதி, வேலைக்கு வைக்கும் முன்பு டாக்டர் பரிசோதனை, பிறகு காலாகாலத்தில் மறுபடியும் பரிசோதனை என்கிறது. இன்னொன்று, காலி டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்குத் தூரமாகப் புதைக்கச் சொல்கிறது. எங்க தெருவில் காலி டப்பாவில் மண்ணெண்ணெய் வாங்கினோம். பெரிய டப்பாவாகக் கிடைத்தால் சாம்பல் போட்டுக் கழுவித் தண்ணி மொண்டோம். டப்பா கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் அம்மா அதைக் கவிழ்த்துக் காயவைப்பாள்.

டப்பாவின் மேல் ஒரு சதுரம் இருக்கும். முனை மேலே வருகிற மாதிரித் திருப்பிப் போட்ட சதுரம். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் கணக்கு. சிவப்பென்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் அதற்கும் கீழே, பச்சை கடைசி. எப்படிப் பிரிக்கிறார்கள்? சோதனைப் பிராணிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் பாதிப் பிராணிகள் சாகும் என்பதுதான் அளவு. 50 மில்லிகிராமுக்குள் செத்தால் சிவப்பு. எலி எவ்வளவு தாங்கும் என்று சர்க்காரிடம் எழுத்து மூலம் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வெயிலில் பத்து டேங்க் அடிக்கிறவன் எவ்வளவு தாங்குவான் என்று எங்க ஊரில் யாரும் அளந்து பார்த்ததில்லை. சிவப்பு முக்கோணத்தை எங்க அப்பா படித்த விதமே வேறு. "செவப்பு போட்டிருந்தா நல்லாக் கேக்கும்டா" என்பார். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது.

இனி தண்ணி விஷயம். டப்பாவோடு மடித்து வைத்திருக்கிற துண்டுக் காகிதத்தில், மருந்து உடம்பில் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணி விட்டுக் கழுவச் சொல்லியிருக்கும். வைத்தியத்தில் முதல் காரியமும் அதுதான். பாஸ்பரஸ் சேர்ந்த இந்த வகை மருந்துகள் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வேர்வையும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஏறும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்குத்தான். ஆனால் கொல்லையில் மோட்டார் கொட்டாய் முன்னால் தொட்டி நிறையத் தண்ணி இருக்கும். அதில் நாங்கள் இறங்கக் கூடாது. குழாய் வாயில் நேராகக் கை வைக்கக் கூடாது. ஆண்டை வீட்டு ஆள் யாராவது வந்து வாளியில் மொண்டு தூர நின்று ஊற்றினால் உண்டு. மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவவே யாரையாவது கூப்பிட்டுக் காத்திருக்கணும். யாரும் வராவிட்டால் மண்ணில் கையைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த கூழை மட்டையில் வாங்கிக் குடித்தார்கள். விஷத்தைத் தொடலாம். தண்ணியைத் தொடக் கூடாது. அந்தக் காகிதத்தை எழுதினவருக்கு ஒரு தேசத்தில் தண்ணியைத் தொடவும் சாதி வேணும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. சட்டம் எழுதினவர்களுக்குத் தெரியும். 1955-இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் போட்ட தேசம்தான் இது.

வயல் மட்டும் இல்லை. வீட்டு உபயோகம் என்கிற விலக்கு எங்க அம்மாவின் கதை. ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். உண்ணிக்கும் ஈக்கும் என்று பி.எச்.சி. பவுடரைக் கொடுப்பார்கள். முறத்தில் கொட்டி வெறுங்கையால் தூவுவாள். நெற்குதிரைச் சுற்றியும் அவள்தான் தூவணும். மிச்சத்தை முந்தானையில் முடிந்து வந்து எங்க தலையில் பேனுக்குத் தேய்ப்பாள். தலை எரியும், மறுநாள் பேன் உதிரும். அம்மாவுக்கு சந்தோஷம். அந்தப் பவுடரை 1997-இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். தடை வந்தது அம்மாவுக்குத் தெரியாது. ஒரு நாள் கொட்டகையில் வேற பவுடர் இருந்தது, அவ்வளவுதான். வீட்டு உபயோகம் என்றால் வீட்டுக்காரர் கையால் செய்கிற உபயோகம் என்று டவுனில் இருக்கிறவர்கள் நினைப்பார்கள். நாலு வீட்டுக்கு ஒரு வேலைக்காரப் பொம்பளை இருக்கிற தேசத்தில், வீட்டு விஷமும் வீட்டுக்காரர் கையில் படுவதில்லை.

சித்தப்பா செத்தது 1989, கார்த்திகை மாசம். பருத்திக்கு மூணாவது மருந்து. காலையில் ஆறு டேங்க், சாப்பிட்டுவிட்டு மறுபடியும். மூணு மணிக்குக் கண் மங்குது என்றார். எச்சில் நிற்காமல் ஊற்றியது. வேர்த்து நனைந்து, கை கால் சதையெல்லாம் துள்ளியது. வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். அப்பாவும் இன்னொருத்தரும் கட்டிலில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று ஒரு கண்டக்டர், அடுத்த வண்டி முக்கால் மணி கழித்து. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருட்டிவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எப்பக் குடிச்சான்?"

"குடிக்கல சாமி, அடிச்சாரு" என்று சித்தி சொன்னாள். "வாயில வாடை அடிக்குதேம்மா" என்றார் டாக்டர். அடிக்கத்தான் செய்யும். காலையிலிருந்து நாசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு இருந்தவர் வாயில் வேறு என்ன அடிக்கும்? விடிவதற்குள் உயிர் போய்விட்டது. போலீஸ் வந்தது. ஏட்டு எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். பல மாசம் கழித்துத்தான் அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தது. தீராத வயிற்றுவலி காரணமாக வாழ்க்கையில் வெறுப்புற்றுப் பூச்சிமருந்து குடித்து இறந்தார். எங்க பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் காகிதங்களில் இத்தனை வயிற்றுவலிக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்று யாராவது ஒருநாள் ஆராய்ச்சி பண்ணணும்.

ஆண்டை ஐந்நூறு ரூபாயும் ஒரு மூட்டை நெல்லும் கொடுத்தார், கருமாதிக்கு. நஷ்டஈடு என்று வாங்கவில்லை, தர்மம் என்று வாங்கினோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சித்தியின் தலையில் விழுந்தது. அந்தக் காகிதத்தில் எழுதினது ஊர் வாயில் ஏறிவிட்டது. புருஷனை மருந்து குடிக்க வச்சவ என்றார்கள். குழாயடியில் சண்டை வந்தால் அதுதான் முதல் வார்த்தை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயசு, இரண்டு பிள்ளை. இப்போதும் யார் பேச்செடுத்தாலும் வேறு எதுவும் சொல்லமாட்டாள். "குடிக்கல. அடிச்சாரு." இந்த இரண்டு வார்த்தையை ஒரு சர்க்கார் காகிதத்தில் பார்க்கணும் என்பதுதான் அவள் ஆசை.

இந்த மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன என்று பிற்பாடு படித்தேன். நரம்பிலிருந்து சதைக்குச் செய்தி கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் அழிக்கிற நொதி ஒன்று உண்டு. கோலினெஸ்டிரேஸ் என்று பெயர். மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டு விடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், கண்ணீர், வேர்வை, சதைத் துடிப்பு, கடைசியில் மூச்சு நிற்பது. ரத்தத்தில் இந்த நொதியை அளந்தால் சாகிறதுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அளக்கச் சொல்லி விதியே இருக்கிறது. மாற்று மருந்தான அட்ரோபின் விலை அதிகமில்லாத ஊசி. சித்தப்பா உடம்பில் நடந்த ஒவ்வொன்றும் அந்தப் புத்தகத்தில் வரிசையாக இருந்தது. குடித்தாலும் இதேதான் நடக்கும், தோலில் ஏறினாலும் இதேதான். குடித்தானா அடித்தானா என்பதை உடம்பு மட்டும் சொல்லாது. கொல்லைக்குப் போய்ப் பார்க்கணும், ஒழுகிய மிசினைப் பார்க்கணும், கூட இருந்த ஆளைக் கேட்கணும். யாரும் கொல்லைக்குப் போகவில்லை.

இந்தச் சட்டம் வந்த கதையையும் தெரிந்துகொள்ளணும். 1958-இல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்தார்கள், நூறு பேருக்கு மேல். கப்பலில் மாவோடு சேர்த்து ஏற்றி வந்த பாரத்தியான் ஒழுகி மாவில் கலந்திருந்தது. எங்க பக்கத்தில் எந்தப் பூச்சிமருந்தையும் பாலிடாயில் என்கிறோமே, அந்தப் பெயர் கொடுத்த சரக்குதான். அதன் பிறகு விசாரணை, பத்து வருஷம் கழித்து சட்டம். மருந்து சோற்றில் கலந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் பிறந்த சட்டம் இது. சாப்பிடுகிறவனை நினைத்து எழுதினார்கள். தூவுகிறவன் அதில் கடைசி அத்தியாயங்களில் ரப்பர் கையுறையோடு வந்துவிட்டு, 38-ஆம் பிரிவில் காணாமல் போகிறான்.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். இருபது பேருக்கு மேல் செத்தார்கள். விதர்பா, அம்பேத்கர் தீட்சை கொடுத்த நாகபுரி இருக்கிற சீமை. அப்போதும் ஒரு பேச்சு வந்தது. பாதுகாப்பு உடுப்பு போடாமல் அடித்தது அவங்க தப்பு என்று. உடுப்பு யார் கொடுக்கணும் என்று கேட்டால் பதில் கிடையாது. அது அவரவர் நிலம், அவரவர் பயிர், அவரவர் பொறுப்பு. விலக்கு என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. கட்டுப்பாட்டை எடுத்துவிடும். பழியை மட்டும் விட்டுவைக்கும். மாநில அரசு ஒரு மருந்தைத் தடை செய்ய நினைத்தால்கூட 27-ஆம் பிரிவு 60 நாள்தான் தருகிறது, நீட்டித்தால் மேலே 30 நாள்.

நான் வேலை பார்த்த வக்கீலிடம் 38-ஐக் காட்டிக் கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார். பிறகு சொன்னார்: "இதை உங்க ஆண்டை படிக்கிற மாதிரியே நீயும் ஏம்பா படிக்கிறே? ஒருத்தர் தன் சாகுபடி நிலத்துக்குப் பயன்படுத்தினா விலக்கு. உங்க சித்தப்பாவுக்கு அது சொந்தச் சாகுபடியா? இல்ல. அடிச்ச ஆளு வேற, நெலம் வேற ஆளோடது. கூலிக்கு ஆள் வச்சி அடிச்சா விலக்கு கெடையாது, விதி முப்பத்தொம்போது பொருந்தும்னு வாதாடலாம். எதிர்க்கட்சி வேற மாதிரிச் சொல்லுவான். சொல்லட்டும். கோர்ட்டுல கேட்டாத்தான தெரியும்."

இந்த யோசனையை விட்டுவிடாமல் வைத்திருக்கிறேன். தன் கையால் தன் நாலு செண்டுக்கு அடிக்கிற சம்சாரிக்கு விலக்கு இருக்கட்டும், நமக்கு அவனோடு சண்டை இல்லை. அவன் உடம்பும் நம்ம உடம்பு மாதிரிதான். ஆனால் அடுத்தவன் உடம்பை வாடகைக்கு எடுத்து அடிக்கிறவருக்கு அந்த விலக்கு எப்படிச் சேரும்? 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், வேளாண்மையில் பூச்சிமருந்து தெளிக்கிற வேலையாட்களையும் பின்னாளில் சேர்த்திருந்தார்கள். ஆனால் வருகைப் பதிவேடு எங்கே, கூலிச் சீட்டு எங்கே? தெருமுனையில் நின்று "டேய்" என்று கூப்பிட்டதற்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

அதனால் படித்த பிள்ளைகளிடமும் இயக்கத்துத் தோழர்களிடமும் கேட்கிறது இதுதான். சேரிக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். யார் கொல்லைக்கு, என்ன பயிருக்கு, எந்த நிற முக்கோணம், எத்தனை டேங்க், யார் கூப்பிட்டது, என்ன கூலி, கழுவத் தண்ணி கொடுத்தார்களா என்று தேதி போட்டு எழுதுங்கள். அடிக்கிற ஆளும் கைநாட்டு வைக்கட்டும். அது நம்ம வருகைப் பதிவேடு. மருந்தடித்த ஆள் விழுந்தால் காலி டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், டாக்டருக்கு அது வேணும். கூட ஒருத்தர் கொல்லையிலேயே மிசின் பக்கத்தில் நிற்கட்டும். ஏட்டு எழுதுகிற காகிதத்தைப் படித்துக்காட்டச் சொல்லாமல் கைநாட்டு வைக்காதீர்கள். 'குடித்து' என்று இருந்தால், 'தெளித்து' என்று திருத்தி எழுதுகிற வரைக்கும் பிணத்தை வாங்காதீர்கள்.